வேலை அதிகமுள்ள நாய்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் போய்ப் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களிலும் வெங்கடாசலத்தைப் போல ஊர் தங்காத ஆளைக் காண்பது கஷ்டம். முப்பத்தைந்து வருடம் டிரைவர். ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர் என்று எங்கெல்லாம் பூமி வறண்டு கிடந்ததோ அங்கெல்லாம் போய் போர் போட்டுவிட்டு வந்தவர். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று பெற்ற தாயே சொன்னாளாம். அப்பேர்ப்பட்டவர் இப்போது அறுபத்து மூன்று வயதில், ஹாலில் ஏசியைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு நாயைக் கிடத்தி அதற்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

நாயின் பெயர் கோக்கோ. ஷிட்ஸு என்று ஒரு ஜாதி. மொத்தம் ஆறு கிலோ, அதில் பாதி முடிதான் என்பது வெங்கடாசலத்தின் கட்சி. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அதன் கண்ணோரத்தைத் துடைக்க வேண்டும். ஒருநாள் விட்டால் பீளை காய்ந்து முடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சீவல். மேலாகச் சீவினால் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், அடியில் சிக்கு விழுந்துகொண்டே இருக்கும். முடியை அடுக்கடுக்காகப் பிரித்து, தோல்வரைக்கும் சீப்பு இறங்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும்தான் முதலில் சிக்கு பிடிக்கும். அங்கே கையைக் கொண்டுபோனால் துரை கடிக்க வருவார். நெற்றி முடி கண்ணைக் குத்தாமல் குடுமி போட்டு ரப்பர் பேண்டு மாட்ட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு குளியல், குளித்தால் டிரையர், காதுக்குச் சொட்டு மருந்து, நகத்துக்குத் தனியாக ஒரு வெட்டி. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இந்த வீட்டில் நாய்க்கு வேலை இல்லை என்பது வாஸ்தவம். நிற்க நேரமில்லாமல் போனது வெங்கடாசலத்துக்கு.

அது மட்டுமா. சப்பை மூக்கு, வெயில் ஆகாது. மாசி பிறந்தாலே மூச்சு வாங்கும். லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தே காலத்தை ஓட்டியவர், ஒரு நாய்க்காக மத்தியானம் முழுக்க ஏசியில் அடைந்து கிடந்தார். தனியாக விடவும் முடியாது. ஒருமுறை சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் ரசத்துக்கு வரவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டு முத்தாயம்மாளிடமிருந்து போன் வந்துவிட்டது. நாய் கத்திக் கத்தி வாந்தி எடுத்துவிட்டதாம். இலையை மூடிவிட்டு வந்தார். அன்றோடு அவருக்குக் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை.

நாயை வாங்கிக் கொடுத்தது மகள் இனியா. சேலத்தில் பேங்கில் வேலை. மாப்பிள்ளை சித்தார்த்துக்கும் அங்கேயே வேலை. மனைவி அங்காளம்மாள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது, அப்பா தனியாக இருக்கிறாரே, ஒரு துணை வேண்டாமா என்று ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கால் வரும். கோக்கோ சாப்பிட்டதா, காது சுத்தம் செய்தீர்களா, கண்ணில் என்ன சிவப்பாக இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு, நீங்கள் மாத்திரை போட்டீர்களா என்பாள். நாய்க்கு அடுத்த இடம் தனக்கு என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

கேட் எந்நேரமும் திறந்துதான் கிடந்தது. அதுதான் எரிச்சல். பூட்டி வைத்திருந்தால் சுவரேறிக் குதித்திருப்பார். பைபாஸில் ரிக் போகும் சத்தம் மாடிவரை கேட்கும். சத்தத்தை வைத்தே யாருடைய வண்டி, கிளம்புகிற வண்டியா திரும்புகிற வண்டியா என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, கையில் பாதி சீவிய வாலோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படி இருக்கையில்தான் தை கழிந்ததும் பூபதி வந்தான். பழைய முதலாளியின் மகன், இப்போது அவனே முதலாளி. ராஜஸ்தானில் ஆறு மாதம் வேலை இருக்கிறது, வண்டி ஓட்டவேண்டாம், மேனேஜராக வந்து இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தால் போதும், இந்தி பேசி அங்கத்து விவசாயிகளைச் சமாளிக்க உங்களை விட்டால் ஆள் இல்லை என்றான். வெங்கடாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இந்தத் தடவை போகாவிட்டால் இனி எவனும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த ஹாலிலேயே, இந்தச் சீப்போடேயே கதை முடிந்துவிடும்.

இனியாவிடம் சொன்னார். அவள் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லதுங்கப்பா என்றுகூடச் சொன்னாள். அப்புறம் கோக்கோவை என்ன செய்வது என்று கேட்டாள். அவளும் மாப்பிள்ளையும் காலை எட்டரைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். ராஜஸ்தான் வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒரு வாரம் தாங்காது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அதன் பக்குவம் தெரியாது. அவரும் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆறு கிலோ வழியில் படுத்திருந்தது.

பூபதிக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கியது. வண்டிக்குப் பூஜை போட வியாழக்கிழமை குறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வெங்கடாசலம் தன்னுடைய பழைய ஆம்னி வேனில் நாயைப் போட்டுக்கொண்டு ஓமலூருக்கு விட்டார். நாயை வாங்கிய கடை அங்கேதான் இருந்தது. சௌமியா என்று ஒரு பெண் நடத்தினாள். குட்டி விற்பது, முடி வெட்டுவது, ஊருக்குப் போகிறவர்களின் நாயை வைத்துப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவளே. ஆறு மாதத்துக்குக் கோக்கோவை அவளிடம் விட முடியுமா என்று கேட்கத்தான் போனார்.

சௌமியா நாயை மேஜைமேல் நிறுத்தி, முடியைப் பிரித்துப் பிரித்துத் தோலைப் பார்த்தாள். ஒரு சிக்குகூட இல்லை என்று ஆச்சரியப்பட்டாள். இந்த ஜாதியை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாம் மாதமே சீவ முடியாமல் மொட்டையடிக்கக் கொண்டுவந்துவிடுவார்களாம். வெங்கடாசலத்துக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு மாதம் வைத்துக்கொள்கிறேன், தனி ரூம் இருக்கிறது, ஏசி இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவருக்குத் தலையிலிருந்து பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தார்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "இனியா அக்கா ஒத்துக்கிட்டாங்களாங்கய்யா?"

அவள் ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றார் வெங்கடாசலம்.

"இல்லீங்கய்யா, வாங்கும்போது அவங்க கேட்டது அப்படி. வர்றவங்க எல்லாரும் வேலை கம்மியா இருக்கற நாயாக் காட்டுங்கன்னுதான் கேப்பாங்க. அக்கா மட்டுந்தான், இருக்கறதுலயே வேலை அதிகமா இருக்கற நாய் எதுன்னு கேட்டாங்க. வயசானவரு, பொமரேனியன் எடுத்துக்குங்க, இல்லன்னா நாட்டுக்குட்டி எடுத்துக்குங்கன்னு நானே சொன்னனுங்க. வேண்டாம், வெயிலும் ஆகக்கூடாது, தனியாவும் விடக்கூடாது, தெனமும் ஒரு மணி நேரம் கையில புடிச்சு உக்காரணும், அப்படியாப்பட்டது வேணும்னு இதைத்தான் எடுத்தாங்க."

வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அவள் நோட்டில் பெயரை எழுதப் போனாள். எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெங்கடாசலம் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேனில் உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருகக் கை வரவில்லை. துணைக்கு என்று கொடுத்தது துணை இல்லை, மாட்டைக் கட்டுகிற முளைக்குச்சி. பெற்ற மகள் கடை கடையாகத் தேடி, தரம் பார்த்து, இது பிடுங்காது என்று தெரிந்துகொண்டு அடித்திருக்கிறாள். ஒன்றரை வருடம் தான் அதைக் கண் துடைத்துக் குடுமி கட்டி வளர்த்ததை நினைத்தபோது அவமானத்தில் காது சுட்டது. திருச்செங்கோட்டுக்குத் திரும்பவில்லை. நேராகச் சேலத்துக்கு ஓட்டினார்.

இனியாவுக்குப் போன் போட்டதும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். ஓமலூருக்குப் போயிருந்தேன் என்று மட்டும்தான் அவர் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"நாயைக் காட்டி என்னையக் கட்டிப் போட்டுட்டியே சாமி" என்றார்.

"ஆமாங்கப்பா. போகாதீங்கன்னு சொன்னா எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

அவர் நாயைக் கீழே இறக்கி விட்டார். அவள்தான் பேசினாள். அம்மா இறந்தபோது அவர் சத்தீஸ்கரில் காட்டுக்குள் இருந்தார். சிக்னல் இல்லை. தகவல் போய்ச் சேர்ந்து, அவர் லாரி மாற்றி ரயில் மாற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்து பால் தெளித்துவிட்டார்கள். அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் அவர் போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசத்தில் நெஞ்சு வலித்து விழுந்தார். உடன் இருந்தவர்கள் லாரியிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"அந்த போனு எனக்குத்தானுங்கப்பா வந்துச்சு. பேங்க் கவுண்டர்ல நின்னுட்டு இருந்தேன். உசுரு இருக்குதா இல்லையான்னு தெரியாம ரெண்டு நாளு. அம்மாவுக்காச்சும் நான் பக்கத்துல இருந்தேன். இன்னொரு தடவ அந்த மாதிரி போனு என்னால எடுக்க முடியாதுங்கப்பா."

 கோக்கோ இருவரையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்துவிட்டு நடுஹாலில் படுத்துக்கொண்டது. கடைசியில் இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் வாருங்கள் என்றாள். நான் செய்தது தப்புதான், நாயை நானே வைத்துக்கொள்கிறேன், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், மாத்திரையை மட்டும் மறக்காதீர்கள் என்றாள். சண்டை போடுகிற எண்ணத்தோடு வந்தவருக்கு அது என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாயை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே பூபதிக்குப் போன் போட்டு வாரேன் என்று சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி அவர் வீதிக்கு வந்தது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை முடிந்திருந்தது. இனியா லீவு போட்டுவிட்டு விடிகாலையிலேயே நாயோடு வந்துவிட்டாள். பையில் துணியை அடுக்கிக் கொடுத்தாள். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டிக் கொடுத்தாள். வெங்கடாசலம் ஏறி உட்கார்ந்தார். ஊர் எல்லைவரைக்கும் முதலாளியே ஓட்டுவது பூபதி வீட்டு வழக்கம், அதனால் அவன்தான் ஸ்டியரிங்கில் இருந்தான். டீசல் வாசனையும் கிரீஸ் வாசனையும் அடித்தது. எல்லாம் அவர் ஆசைப்பட்டபடியே இருந்தது.

வண்டி நகர்ந்தது. புறப்படும் நேரத்தில் டிரைவருக்கு முன்னால் பார்க்கவே இரண்டு கண் போதாது. மேலே கரண்டு கம்பி, ஓரத்தில் சாக்கடை, குறுக்கே சைக்கிள். முப்பத்தைந்து வருடமும் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிளம்பினார். இன்றைக்கு இடப்பக்க சீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார்.

இனியா நாயைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நின்றாள். கையசைக்கவில்லை. உள்ளே போகவும் இல்லை. வண்டி போகப் போக அவள் சின்னதாகிக்கொண்டே வந்தாள், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அங்காளம்மாளும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. வருடத்துக்கு இரண்டு தடவை என்றாலும் அறுபது தடவைக்குக் குறையாது. இதே வீதியில், இதே இடத்தில். அவள் எப்படி நின்றாள், அழுதாளா, எவ்வளவு நேரம் கழித்து உள்ளே போனாள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. கடைசியாக ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய முகத்தையும் பார்க்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, ஓரமா நிறுத்து."

மாத்திரையை வைத்துவிட்டு வந்துவிட்டீர்களா அண்ணா என்று பூபதி கேட்டான்.

"நான் வரல. என்னைய எதுவும் கேக்காத, போ."

பூபதி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவர் இறங்கி, பையையும் இழுத்துக்கொண்டார். ரிக் மெதுவாகத் திரும்பி பைபாஸ் பக்கம் போனது. அதன் சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு நடந்தார். நடக்கும்போது பாசமும் சந்தோஷமும் பொங்கிவிடவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இனியா அழுதாள். கோக்கோ அவள் கையிலிருந்து துள்ளி அவர்மேல் தாவியது. வாங்கிக்கொண்டவர் கை பழக்கத்தில் அதன் காதுக்குப் பின்னால் போனது. இரண்டு நாள் கைமாறியதில் அங்கே சிக்கு விழுந்திருந்தது. திட்டிக்கொண்டே உள்ளே போய், ஏசியைப் போட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை வருடமாக அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. மகளைத் திட்டலாம், நாயைத் திட்டலாம், என்னை இப்படி அடைத்துப் போட்டுவிட்டார்களே என்று சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அவர் முடியைப் பிரித்து, வலிக்காமல் நுனியிலிருந்து மெல்லச் சீவ ஆரம்பித்தார்.