ஏழாம் கோளின் தையல்

திரையில் ஏழாம் கோள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மேலாளர் அதைப் பாதியில் நிறுத்தினாள். எழுந்து போய் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "இது என்ன சார்?" என்றாள். அறையிலிருந்த ஆறு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள், பிறகு தையல்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு அவள் கை மேலிருந்து கீழே வந்தது தெரிந்தது. கோடு மட்டும் தெரியவில்லை. "கவனிக்காம விட்டுட்டேன் மேடம், நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று வாய் கூசாமல் சொன்னார்.

தையல்காரர் என்பது கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை. சினிமாவுக்கும் விளையாட்டுகளுக்கும் எங்குமே இல்லாத கோள்களைச் செய்து, அவற்றுக்கு நிஜம்போல மேல்தோல் போர்த்திக் கொடுக்கிற கம்பெனி அது. படம் தட்டையாக இருக்கும், கோள் உருண்டையாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றைச் சுற்றினால் படத்தின் இரண்டு ஓரங்களும் சந்திக்கிற இடத்தில், பந்தின் தையல்போல ஒரு கோடு விழும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் கோள் செத்தது. கல் கல்லாக, பள்ளம் பள்ளமாக இழைத்து அதை மறைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை மொத்த ஆபீஸும் பந்தயம் கட்டித் தேடிப் பார்த்துவிட்டு, தோற்றுப்போய் அவருக்கு ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்தது.

நிலப்பரப்புக்காக அவர் எங்கும் அலைந்ததில்லை. துருப்பிடித்த தகரம், கருகிய ரொட்டியின் அடிப்பக்கம், குளியலறைச் சுவரில் பூத்த ஈரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொள்வார். மூன்றாம் கோளின் பள்ளத்தாக்குகள் முழுக்க அவருடைய அண்ணனின் குதிகால் வெடிப்புகள். அதைச் சொன்னபோது அண்ணன், "அப்ப என் கால்ல ராக்கெட் எறங்குதுன்னு சொல்லு" என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாது. நாற்பத்தொரு வயதில் அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்க ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் முழுக்கப் போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். வாசல் தெரியும், வாசலில் நிற்பவர் முகம் தெரியாது. பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது, தம்பிக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதிலிருந்து தம்பி தன் பிறந்தநாள்களைப் பயந்து பயந்து கடந்தார். நாற்பத்திரண்டு முடிந்த அன்று காரணம் சொல்லாமல் ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தார். தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். இப்போது நாற்பத்து மூன்று நடக்கிறது.

இருக்கைக்குத் திரும்பிக் கோளைப் பெரிதாக்கினார். அந்த இடம் சாம்பல் தடவியதுபோல இருந்தது. இன்னும் பெரிதாக்கினார். களைப்பாக இருக்கும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தலையைத் திருப்பியபோது கடைக்கண்ணில் கோடு நின்றது. நேராகப் பார்த்தார், காணவில்லை. திரும்பினார், நின்றது. நான்கு முறை செய்து பார்த்தார். அதற்குமேல் செய்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒருவேளை இன்றைக்கு மட்டும்தானோ என்ற நப்பாசையில் பழைய கோள்களைத் திறந்து, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். ஆறாம் கோளில் கோடு இல்லை. ஐந்தாம் கோளிலும் இல்லை. மூச்சு வந்தது. பிறகுதான் யார் எப்போது கடைசியாகக் கை வைத்தார்கள் என்ற விவரம் கண்ணில் பட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். ஒவ்வொரு கோளையும் சாயங்காலம் அவர் முடித்து வைத்திருக்கிறார். மறுநாள் காலை, அவர் வருவதற்கு முன்னால், மொட்டை அதைத் திறந்து திருத்தியிருக்கிறான்.

மொட்டை ஒன்பது வருடமாகப் பக்கத்து நாற்காலி. பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை என்று கொஞ்ச மாதங்களாகச் சீக்கிரமே வந்துவிடுகிறான். இந்த வாரம் அவன் அப்பாவுக்கு ஆபரேஷன், லீவில் இருக்கிறான். அதனால்தான் ஏழாம் கோள் துணைக்கு ஆளில்லாமல் திரைக்குப் போய்விட்டது. தையல்காரர் மாடிப்படியில் நின்று அவனுக்குப் போன் போட்டார்.

"எத்தனை மாசமாடா?"

எதைக் கேட்கிறார் என்று மொட்டை கேட்கவில்லை. "வருஷம் ஆகப் போகுது. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மறைக்கிறேன்னு நெனச்சு நானும் கேக்கல."

"நான் எங்கடா மறைச்சேன். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளியின் எண்ணைக் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே விசும்பல் கேட்டது. மொட்டை அழுகிறான் என்று தெரிந்ததும் தையல்காரர் போனை வைத்துவிட்டார். அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன வருடமே அவன் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று ஆத்திரம் வந்தது. சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம் என்று யோசித்தபோது அந்த ஆத்திரத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது வழி நெடுக ஒரே எண்ணம்தான். அண்ணனுக்குத் தெரியக் கூடாது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். மாத்திரை அட்டையில் பெயர் பார்ப்பது, வந்த கடிதத்தைப் படிப்பது, சட்டையில் கறை இருந்தால் சொல்வது எல்லாம் தம்பி. இரண்டு ஆளுக்கு ஒரு ஜோடிக் கண் என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது. அதுவும் போனால் என்ன ஆகும் என்பதை நினைக்காமல் நடையை எட்டிப் போட்டார். இன்னும் ஆறு மாதமாவது சமாளித்து ஓட்டிவிடலாம், ஓட்டியே ஆகவேண்டும்.

சாவியை எடுத்துத் துவாரத்தில் நுழைத்தார். இடறியது. மறுபடி வைத்தார், மரத்தில் கீறிக்கொண்டு போனது. மூன்றாவது முறைக்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஆளை ஓரத்தில் பிடிப்பதற்காகத் தலையைப் பக்கவாட்டில் திருப்பியபடி அண்ணன் நின்றிருந்தார்.

"ரெண்டு மாசமா உன் சாவி தேடுது" என்றார். "எனக்கும் சாவியிலதான் ஆரம்பிச்சது."

தையல்காரர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். அதைச் சொல்லக்கூட அவரிடம் தெம்பு இல்லை. அண்ணன் அதற்குமேல் எதுவும் கேட்காமல் சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியும் போனார்.

டீ கொதித்து முடிந்திருந்தது. அண்ணன் கோப்பையின் விளிம்புக்கு உள்ளே விரல்நுனியை மடக்கி வைத்துக்கொண்டு, சூடு விரலில் படும்வரை ஊற்றினார். கண்றாவி, கையை விடாதே, நான் ஊற்றுகிறேன் என்று தம்பி தினமும் திட்டுகிற பழக்கம் அது. இன்றைக்குத் திட்டவில்லை. தன் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணன் பாத்திரத்தைத் தம்பியிடம் நீட்டினார். தலையை இன்னொரு பக்கம் திருப்பிக்கொண்டு, "உன்னோடதை நீயே ஊத்திக்கடா" என்றார்.

தையல்காரர் தன் கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. நடுவில் சாம்பல். விளிம்புக்கு உள்ளே விரலை மடக்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்ற ஆரம்பித்தார். ஆவி முகத்தில் அடித்தது. சூடு இன்னும் விரலுக்கு வரவில்லை.