சத்தம் இல்லாத இடங்களை நீக்கு

வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடும் தொழில். ஆனால் என் சித்தி மகளின் கல்யாண வீடியோ என் கைக்கு வரவில்லை. "உனக்கு எதுக்கும்மா சிரமம், மாப்பிள்ளையோட தங்கச்சி போன்லயே இலவசமா பண்ணிட்டா" என்றாள் சித்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர் வேலையே கை நழுவினால் மற்றவர் எப்படித் தேடி வருவார்கள்? சித்தி வீட்டில் அதைப் போட்டுக் காட்டிய அன்று, குற்றம் கண்டுபிடிக்கவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், பாட்டுக்கும் வெட்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். நான் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதை மாப்பிள்ளையின் தங்கச்சி ஒரே மாலையில் முடித்திருந்தாள். தங்கள் வீட்டில் அடுத்துக் கல்யாணம் வைத்திருந்த அத்தைகள் இருவரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா மட்டும், படம் முடிந்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் பேசாதவர். கல்யாண மேடையில் கைகளாலேயே மணமக்களை வாழ்த்தினார். மண்டபமே மூச்சுக் காட்டாமல் பார்த்தது, மகன் அழுதான். அந்த வாழ்த்து படத்தில் இல்லை.

தங்கச்சியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் போனைத் திறந்து காட்டினாள். செயலியில் 'சத்தம் இல்லாத இடங்களை நீக்கு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தியிருக்கிறாள்.

"அப்பா பேசறது எனக்கு எப்பவும் கேக்கும்க்கா. போனுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தோணவே இல்லை."

நாக்கு நுனியில் வைத்திருந்த கேலியை விழுங்கிவிட்டு அவள் போனையே வாங்கினேன். அசல் பதிவு அதில் இருந்தது. செயலியையும் சும்மா சொல்லக்கூடாது, சொன்னதைச் செய்தது. வாழ்த்தை முழுசாகச் சேர்த்தேன். பின்னணியில் பாட்டுப் போட வந்த அவள் விரலைத் தட்டிவிட்டேன். அழும் மகனின் முகத்தைக் காட்டினேன், ஆனால் அப்பாவின் கைகள் ஓய்ந்த பிறகுதான்.

மறுபடி போட்டோம். கூடம் அடங்கியது. அவர் தன் கைகளைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி விறுவிறுவென்று ஏதோ சொன்னார். அதை எடுத்துச் சொல்ல வேண்டிய மகள் நெளிந்தாள். நான் விடவில்லை.

"என் கல்யாண வீடியோவை நீங்கதான் வெட்டணுமாம். என்னைப் போனைத் தொடவே விடக்கூடாதாம்."

அத்தைகள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள்.

"அவளே வெட்டட்டும்" என்றேன். "எங்க வெட்டக் கூடாதுன்னு பாக்க நான் இருக்கேன்."

மகள் அதைக் கைகளால் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.