அனுப்பாமலே அனுப்பியது

ஆஸ்பத்திரியின் அடித்தளத்திலிருந்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள் படிகளைத் தடதடவென்று இறங்கி வந்தாள். மூன்றாம் மாடியில் படுத்திருந்த அக்காவைச் சற்றுமுன் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததை ஆய்வகம் காலை ஒன்பதுக்கே கண்டுபிடித்துவிட்டது. டாக்டரின் போனுக்கு மட்டும் எச்சரிக்கை போகவேயில்லை.

அந்த எச்சரிக்கைகளை அனுப்பும் ஏற்பாடு அவள் கட்டியதுதான். தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. ஆய்வக முடிவு வந்தால் ஒரு வரி சேரும். பின்னால் ஓடும் புரோகிராம் வரி வரியாக எடுத்து டாக்டருக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்ததற்கு ரசீது எண் வந்தபின்தான் 'அனுப்பியாச்சு' என்று குறிக்கும். நடுவில் சர்வர் படுத்தால், எழுந்ததும் மறுபடி அனுப்பும். எப்போதாவது ஒரே செய்தி இரண்டு தடவை போகும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு தடவைதான் பெரிய டாக்டர்களுக்குப் பொறுக்கவில்லை. பிரிவின் தலைவரோ மேலிடம் தும்மினால் இங்கே நடுங்குகிற மனுஷர். "முதல்ல குறி, அப்புறம் அனுப்பு" என்றார். குறித்த பிறகு சர்வர் படுத்தால் அந்தச் செய்தி போகவே போகாது என்று ஒரு மாதம் மல்லுக்கட்டினாள். கடைசியில், எக்கேடு கெட்டுப் போங்கள் என்று அவளே மாற்றிக் கொடுத்தாள்.

"இங்க பாரும்மா," தலைவர் திரையைக் காட்டினார். "உங்க அக்கா வரியில 'அனுப்பியாச்சு'ன்னு தெளிவா இருக்கு. நிலுவை பூஜ்யம்."

"குறிச்ச கையோட சர்வர் நின்னுபோச்சு சார்! ரசீது எண் எங்க? காலியா இருக்கு பாருங்க!"

"அதுக்கு எம்மேல ஏன் பாயுற? மாத்துனது நீதானே?"

பளாரென்று அறைந்தது போலிருந்தது. ஆமாம், அவள்தான். அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. அது இன்னும் மோசமாக எரிந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். 'அனுப்பியாச்சு' என்று குறித்தும் ரசீது எண் இல்லாத வரிகள் இன்று எத்தனை என்று தேடினாள். பதினேழு வந்தது. பட்டியலில் அக்காவுக்கு மேல்வரியில் பிரசவ வார்டில் ஒருத்தி இருந்தாள். கீழ்வரியில் ஏழு வயதுக் குழந்தை.

"இப்ப என்னம்மா செய்யறது?" தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

மேஜையிலிருந்த இரண்டு போன்களில் ஒன்றை எடுத்து பிரசவ வார்டு எண்ணை அழுத்தினாள். மற்றதை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பட்டியல்ல கீழேருந்து கூப்பிட்டுட்டு வாங்க. நான் மேலேருந்து வரேன். நடுவுல யாருக்காவது ரெண்டு தடவை போனா போகட்டும்."

தலைவர் போனை எடுத்தார்.