உச்சந்தலையில் ஒரு புடைப்பு

“நூறு வருஷம் முன்பு ஒரு கொலைகாரனைத் தூக்கில் போட்ட அன்றே, சிறையில் வைத்து மொட்டையடித்து அச்செடுத்த தலை” என்றார் கிரஹாம்.

மேஜைமேல் பிளாஸ்டர் தலை கண்மூடிக் கிடந்தது.

மெல்பர்ன், 1974. ஜூலைக் குளிர். அந்தச் சின்ன மியூசியத்தின் பொறுப்பாளர் மார்கரெட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். உதவியாளர் வைதேகிக்குச் சனிக்கிழமை விடுமுறைதான். மார்கரெட் போன் செய்ததால் வந்திருந்தாள்.

கிரஹாம் பழம்பொருள் வியாபாரி; தலையை விற்க வந்திருந்தார். போன நூற்றாண்டில் மண்டை மேடுகளைத் தடவிக் குணம் சொன்னவர்களைப் போலவே விரலை ஓட்டினார்.

“உச்சியில் இந்தப் புடைப்பைப் பாருங்கள். அகம்பாவம்! தோற்றதைச் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். அதனால்தான் கொலை வரை போனான்.”

“அற்புதம்! வைதேகி, நீயும் தொட்டுப் பார்” என்றாள் மார்கரெட்.

தொட்டாள். விரல் நின்றது.

அது எலும்பு இல்லை. எண்ணெய் வைத்துப் படியவிட்ட ஒரு கொத்து மயிரின் அச்சு.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து மாமனார் இறந்த தந்தி. போக முடியவில்லை. பத்தாம் நாள் குளியலறையில் கணவன் சேஷாத்ரி மொட்டையடித்துக்கொண்டபோது, கை எட்டாத பின்பக்கத்தை மழித்தவள் அவள்தான். உச்சிக் குடுமியை மட்டும் விட்டாள்.

காதைப் பார்த்தாள். இரண்டு மடலிலும் குத்திய தழும்பு. கழுத்தின் அடியில் விரலை விட்டாள். ஈரம்! நூறு வருஷத்துப் பிளாஸ்டரில் ஈரமா?

ஃபேக்டரி வேலையாகச் சிட்னி போவதாகச் சொல்லி வியாழக்கிழமை கிளம்பிய சேஷாத்ரியிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

மூடிய கண்கள். கிரஹாம் பக்கம் திரும்பினாள்.

“இந்த ஆள் எங்கே?”

“கல்லறையில்” என்று சிரித்தார் கிரஹாம்.

“இது குடுமி. வைத்தது நான். என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா?”

கிரஹாமின் சிரிப்பு செத்தது. தலையைப் பெட்டிக்குள் தள்ளப் பார்த்தார். வைதேகி விடவில்லை. மார்கரெட் டெலிபோனை எடுத்தாள்.

“போலீஸ் வேண்டாம்! அவன் வெளியே என் வேனில் இருக்கிறான்!”

ஓடினாள். வேனில் இருந்தவன் கம்பளிக் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிடுங்கி எறிந்தாள்.

“ஏன்னா! இதுதான் உங்க சிட்னியா?”

“இன்னிக்கு உனக்கு லீவாச்சே...” சேஷாத்ரி விழித்தான்.

“உங்களைப் பொணமா பாத்துட்டு வரேன். பதில் சொல்லுங்கோ!”

“வேலை போயிடுத்து, வைதேகி. மொட்டைத் தலை ஒண்ணு வேணும்னான் இந்த ஆள். அச்செடுத்தான். வண்டியும் ஓட்டச் சொன்னான்.”

“எதுக்குன்னு கேட்டேளா?”

“கேட்டா இதுவும் போயிடுமே.”

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

வைதேகி கதவைத் திறந்தாள்.

“இறங்குங்கோ. உள்ள வந்து அந்தத் தலை பக்கத்துல நில்லுங்கோ. மார்கரெட் ஏமாறக் கூடாது.”

“எல்லார் எதிர்லயுமா?” அவன் கை தானாக உச்சியைத் தடவியது.

“ஆமா. தோத்தேன்னு சொன்னா யாரும் செத்துட மாட்டா.”

குல்லாவைத் தேடாமலே சேஷாத்ரி இறங்கினான்.