மெர்சர் தெருவில் குழாய் தட்டாத நாள்

மேல்மாடிக்காரி மாரனைக் கண்டாலே லின்வுட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பெல்லாம் அப்படி இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் தன் ஓவியங்களோடு இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, அவளுடைய இரும்புக் குளியல் தொட்டியை இரண்டு மாடி முதுகில் சுமந்து ஏற்றியவனே அவன்தான்.

மெர்சர் தெருவில் அது ஒரு காலத்துத் தொப்பித் தொழிற்சாலை. தொழில் செய்யத்தான் அனுமதி, குடியிருக்கக் கூடாது. ஆனாலும் எல்லா மாடியிலும் ஆட்கள் குடியிருந்தார்கள். நியூயார்க்கில் அத்தனை பெரிய கூடம் அந்த வாடகைக்கு வேறெங்கே கிடைக்கும்? நகராட்சி ஆய்வாளர் வந்தால் முதல் மாடியில் இருக்கும் லின்வுட்டைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும். அவர் தலை தெரிந்ததும் லின்வுட் ஸ்பானரை எடுத்து, கட்டடத்தைச் சூடாக்கும் நீராவிக் குழாயில் தட்டுவான். சத்தம் குழாய் வழியாக உச்சிவரை போகும். மெத்தைகள் அலமாரிக்குள் ஒளியும், அடுப்பை ஓவியச் சீலை மூடும், ஆய்வாளர் ஏறி வரும்போது எல்லோரும் தூரிகையும் கையுமாக நிற்பார்கள்.

சனிக்கிழமைதோறும் லின்வுட் தன் கூடத்தில் பாட்டுப் போட்டு ஆட்டம் வைப்பான். அழைப்பு அட்டை உள்ளவர்கள்தான் வரலாம். மது கிடையாது, பழமும் பழரசமும்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் அவனைப் போலக் கறுப்பர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், ஆணை நேசிக்கும் ஆண்கள். மற்ற இடங்களில் முகத்தைப் பார்த்தே வாசலில் நிறுத்தப்படுகிறவர்கள். ஆரம்பத்தில் மாரனும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அவர்களோடு ஆடியவள்தான். அப்புறம் அவள் படங்கள் விலை போக ஆரம்பித்தன.

தன் கைக்குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்றாள் முதலில். நியாயம்தான். லின்வுட் ஸ்பீக்கர்களுக்கு அடியில் ரப்பர் வைத்தான், தொட்டில் இருந்த பக்கத்திலிருந்து அவற்றை நகர்த்தியும் போட்டான். அப்புறம் ஒருநாள் படிக்கட்டில் மறித்து உண்மையைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல படம் வாங்க ஆளுங்க வராங்க, லின்வுட். உன் ஆளுங்க வேர்த்து விறுவிறுத்துப் படியில உக்காந்திருக்காங்க. இவங்கள்லாம் யாருன்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"உன் தொட்டியச் சுமந்தவனோட சிநேகிதங்கன்னு சொல்லு."

அன்றிலிருந்து பகைதான். பகலில் அவன் ஒரு ரெக்கார்டைச் சோதித்துப் பார்த்தால்கூட மேலேயிருந்து துடைப்பக்கட்டையால் தரையை இடிப்பாள். அவன் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுவான். கடைசியில் அவள் நகராட்சிக்குப் புகார் எழுதினாள். மற்ற மாடிக்காரர்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்காகவும்தான் அவன் இத்தனை வருஷம் குழாயைத் தட்டினான். அந்தப் புகார் லின்வுட் கண்ணிலும் பட்டது.

ஆய்வாளர் சனிக்கிழமை ராத்திரி வந்து கூட்டத்தோடு பிடிப்பார், கீழேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார் என்பது மாரனின் கணக்கு. அந்த ராத்திரிக்கு அக்கா வீட்டுக்குப் போக ஏற்பாடும் செய்திருந்தாள். நகராட்சிக்காரன் எந்த ஊரில் சனிக்கிழமை ராத்திரி வேலை பார்த்திருக்கிறான்? செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு வந்து நின்றார் ஆய்வாளர் ஸ்கலீஸி.

லின்வுட்டின் கை பழக்கத்தில் ஸ்பானருக்குப் போனது. புகாரில் இருந்த கையெழுத்துகள் ஞாபகம் வந்தன. கையை இழுத்துக்கொண்டான்.

ஸ்கலீஸி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெளியேற இரண்டு வழி, தீயணைப்பான், மெழுகு போட்ட தரை. ஒரு காலி மதுப் புட்டிகூட இல்லை. அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

"சத்தம்னு எழுதியிருக்காங்களேப்பா. எங்க, போடு பாப்போம்."

மெதுவாகவே வைத்திருக்கலாம். லின்வுட் குமிழை முழுசாகத் திருகினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், அவன் எதிர்பார்த்தபடியே, தலைக்கு மேலே துடைப்பக்கட்டை இடித்தது. மாரன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஸ்கலீஸி அண்ணாந்து பார்த்தார். "மேல தொழில்தான் நடக்குதுன்னு எங்க கணக்கு. இடிக்கிறது யாரு?"

ஓவியக்கூடம், பகலில் மட்டும் வந்து வரைகிறார்கள் என்று சொன்னால் போதும். அந்தப் பொய் எத்தனையோ தடவை சொன்ன பொய், நாக்கு நுனியிலேயே இருந்தது.

"குடியிருக்காங்க சார்," என்றான் லின்வுட். "எல்லா மாடியிலயும்."

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. ஸ்கலீஸி மூச்சு வாங்க மேலே ஏறினார். தொட்டி, தொட்டில், அடுப்பில் கொதிக்கும் சூப் எல்லாவற்றையும் பார்த்தார். உச்சிவரை போய்விட்டுத் திரும்பியவர், "அப்ப நீ?" என்று கேட்டுக்கொண்டே லின்வுட்டின் அலமாரியைத் திறந்தார். சுருட்டி வைத்த மெத்தை அவர் காலடியில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டடம் முழுவதும் காலியாகவேண்டும் என்று தெருக்கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை எல்லோருடைய சாமானும் நடைபாதையில் கிடந்தது. லின்வுட் தன் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்து லாரிக்குக் காத்திருந்தான். தன் வீடும் போய்விட்டதே என்ற வருத்தம் இருந்தாலும், மாரன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே அல்லாடுவதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. நேராக அவனிடம் வந்தாள்.

"எங்கள விடு. நாங்க செஞ்சதுக்கு எங்களுக்கு வேணும். நாளைக்கு உன் ஆளுங்க வந்து நிப்பாங்களே, அவங்க எங்கடா போவாங்க?"

ஆய்வாளரிடம் வாயைத் திறந்தபோது சனிக்கிழமை ஆட வருகிறவர்களில் ஒருவர் முகம்கூட லின்வுட் நினைவுக்கு வரவில்லை. இவள் முகம் மட்டும்தான் வந்தது. அதை இவள் வாயாலேயே கேட்கவேண்டியிருந்தது.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி," என்றான்.