மால்சுன் மெல்லச் சொன்னவை

2014 நவம்பர் பதினொன்றாம் தேதி மாலையிலிருந்து, குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கில்ஹோவின் வீட்டில் ஊசி விழுந்தாலும் பீரோ விழுந்தாலும் ஒரே அளவு சத்தம்தான். அந்த வாரம் நண்டு விலையும் ஏறியிருந்ததால் தெருக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

கில்ஹோ சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவர். மலை பார்க்கப் புறப்படும் நடுவயதுப் பெண்கள் மலையைப் பார்ப்பதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு நடைவழியில் ஆடுவார்கள். சட்டப்படி குற்றம்தான், ஆனால் ஆடவிடாத டிரைவரை மறுமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவரிடம் ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருந்தன. பாதி பழைய கேசட்டிலிருந்து எடுத்தவை, மீதி கண்ட இடத்தில் இறக்கியவை. ஒன்று முனகும், அடுத்தது காதைக் கிழிக்கும். "டிரைவர் ஐயா, இது பாட்டா, இல்ல யாருக்காவது ரகசியம் சொல்லுதா?" என்று மீன்கடைக்காரி ஒருத்தி கேட்க, வண்டியே சிரித்தது. ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் நிரலைக் கணினியில் ஏற்றி, எண்பத்தொன்பது டெசிபல் என்று போட்டார். முப்பது வருட இன்ஜின் இரைச்சல் தின்றது போக மிச்சமிருந்த காதுக்கு அதுதான் தோது. பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். மாலைக்குள் பாட்டுகள் முடிந்தன. எங்கே நிறுத்துவது என்று அந்த நிரலுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அது வீட்டையும் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை அடுப்படியில் அவர் மனைவி மால்சுன் பேசினாள். அவள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உருவம் இல்லை, குரல் மட்டும். 1980இல் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது சொன்னது: "கடல் இவ்வளவு கிட்டயா இருக்கு." அவளுக்கு எப்போதுமே தாழ்ந்த குரல். "என்னது? வாயத் தொறந்து பேசு" என்று சொல்லியே முப்பத்தொரு வருடக் குடித்தனத்தை ஓட்டியவர் கில்ஹோ. அவர் காதில் விழாத ஒவ்வொன்றையும் வீடு வைத்திருந்து, இப்போது மாதத்துக்கு ஒரு வருடம் என்று வரிசை தப்பாமல் திருப்பிக் கொடுத்தது. மூட்டுவலி வந்தது. முடிக்காமல் விட்ட சண்டைகள் வந்தன. 1994இல் ஒரு காலை, "எங்கம்மா போயிட்டாங்களாம்" என்று வந்தது; அதற்குப் பின்னாலேயே, மீனில் உப்புக் குறைவு என்று அவர் சொன்ன பதிலும் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டார், ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்று.

அவர் காத்திருந்தது ஒரே ஒரு பேச்சுக்காக. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கே வந்து படுத்தவள், 2011 ஜூனில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, அவர் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அந்த நேரத்திலும் "என்னது?" என்று கேட்க மனம் வராமல் தலையை ஆட்டி ஆமா, ஆமா என்றார். அவள் சிரித்தாள், கண்ணை மூடினாள். எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமலே அவர் அன்றிலிருந்து இருந்தார். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று மகள் போரம் கேட்டபோது, "உன்னத்தான் நெனச்சுக்கிட்டே போறேன்னா" என்று சொல்லிவைத்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் தலைதூக்கினாள்.

போரம் இஞ்சோன் நகரத்திலிருந்து வந்தபோதெல்லாம் பழையபடி மாற்றிவிடலாம் என்றாள். குழாய்ச் சொட்டும் தன் மூச்சும் சரிக்குச் சரி கேட்கும் வீட்டில் அவளால் தூங்க முடியவில்லை.

"ஒரு பொத்தான்தான்ப்பா."

"கை வைக்காத."

2017 ஜூனில் மால்சுனின் ஆறாவது நினைவு நாள். மாலையிலேயே படையல் வைத்தார்கள். சோற்றில் கரண்டியைக் குத்திவைத்து, போனவர் ஒன்பது வாய் சாப்பிடும் நேரத்துக்கு அப்பாவும் மகளும் முறைப்படி முதுகைக் காட்டி நின்றார்கள். அப்போது வந்தது. முதலில் மழை. பிறகு, மழையின் அதே அளவில், மால்சுன்.

"நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

பின்னாலேயே அவர் குரல்: "ஆமா, ஆமா."

அதற்குமேல் வீட்டிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கில்ஹோ திரும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஒன்பது வாய் நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

"சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே," என்றாள் போரம். "அதுவாவது நெசமாப்பா?"

"நெசம்."

அவள் படையலருகே போய்க் கரண்டியை எடுத்து, அம்மாவின் சோற்றில் பாதியை அப்பாவின் கிண்ணத்தில் போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே அழுதார். அந்த அழுகை, மெல்லும் சத்தத்தைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போரம் அப்பா சாப்பிடுகிறார் என்று தெருவில் சொல்லிப் போனாள்.