முழு உடம்புக்கு ஒரு நேர்த்தி

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டிருந்த நிலூஷா, பின்னேரம் முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். இருந்தால் இடுப்பு நொந்தது, எழுந்தால் குதிக்கால் நொந்தது, படுத்தால் தலையணை பட்ட இடமெல்லாம் அடித்துப்போட்டது போலிருந்தது. ஆனால் அன்றைக்கு அவளை ஓரிடத்தில் இருக்கவிடாமல் துரத்தியது நோவல்ல. அலுமாரிக்கு மேலே ரோஸ் தாளில் சுற்றி வைத்திருந்த வெள்ளி உருவம்தான்.

அதை மாமியார் மாக்ரெட், நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் சொல்லிச் செய்வித்திருந்தார். மருமகளுக்குச் சுகம் வந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் காணிக்கை வைப்பதாக நேர்ந்திருந்தார். கால் நோவென்றால் வெள்ளிக் கால், கண் நோவென்றால் வெள்ளிக் கண். நிலூஷாவுக்கு என்னத்தை வைப்பது? "எந்த இடத்தில வருத்தம் அம்மா?" என்று நகைக்கடைக்காரர் கேட்டாராம். மாக்ரெட் யோசித்துப் பார்த்துவிட்டு, "முழு ஆளாவே செய்யுங்க" என்றாராம். உள்ளங்கை நீளத்தில் ஒரு வெள்ளிப் பெண். அடுத்த நாள் செவ்வாய் நொவேனா வழிபாட்டில் வைப்பதாக ஏற்பாடு.

எல்லாம் சரி, சுகம்தான் வரவில்லை.

நாலைந்து வருடமாக அவளுடைய நோவுக்குப் பெயரே இருக்கவில்லை. எந்தச் சோதனையிலும் ஒன்றும் அகப்படவில்லை. புருஷன் ஸ்ரான்லி துறைமுகத்தில் கிளாக், நல்ல மனுஷன். "யோசிச்சு யோசிச்சுத்தான் உனக்கு நோகுது" என்று அன்பாகவே சொல்வான். அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு டொக்டர் அம்மா, உடம்பு முழுக்க நோகிற இந்த வருத்தத்துக்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். "இங்கிலீசில சொன்னா மட்டும் வருத்தமாயிடுமா?" என்றார் மாக்ரெட். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அதே டொக்டர் எடுத்த இரத்தச் சோதனையில் விற்றமின் டி படுமோசமாகக் குறைந்திருந்தது. அது இலக்கம். இலக்கத்தை எல்லாரும் நம்பினார்கள். "இந்த வெயிலூரிலயா வெயில் காணாது?" என்று கீழ் வீட்டு ஒஸ்வால்ட் அங்கிள் சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். விடியவே பஸ் ஏறிக் கோட்டையில் ஏசிக்குள் அடைந்து கிடந்து, இருட்டியபின் திரும்புகிறவள் வெயிலை எங்கே காண்பது? வீட்டு ஜன்னலையும் பக்கத்தில் எழும்பிய மாடிக் கட்டடம் மறைத்துவிட்டது. நோவு கூடிய நாட்களில் கட்டிலை விட்டே இறங்கமாட்டாள். "கறுத்துப்போவாய், குடையப் பிடி" என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிவந்த மாக்ரெட், இப்போது குடையைப் பறித்து வைத்துக்கொண்டு லீவு நாளெல்லாம் அவளை மொட்டைமாடிக்குக் கலைத்தார். கிழமைக்கொரு விற்றமின் குளிசையைத் தன் கையாலேயே கொடுத்தார். அந்த மாதங்களில் நிலூஷா வீட்டில் மரியாதையாக நோவு அனுபவித்தாள்.

போன கிழமை இரண்டாவது சோதனை. விற்றமின் நல்ல அளவுக்கு வந்துவிட்டது. டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "விற்றமின் குறைஞ்சா நோவு கூடலாம், நிரப்பினது நல்லது. ஆனா உங்கட வருத்தம் வேற. அது இன்னும் இருக்கு, அதுக்குத் தனியாப் பாக்கோணும்." ஸ்ரான்லி முன்பாதியோடு எழுந்துபோய், படிக்கட்டில் நின்று தாய்க்குப் போன் அடித்துவிட்டான்: "அம்மா, எல்லாம் நோர்மல்!" அவர்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சேருமுன் மாக்ரெட் உருவம் செய்விக்கச் செட்டியார் தெருவுக்குப் புறப்பட்டிருந்தார்.

அன்றிலிருந்து நிலூஷாவுக்கு நிம்மதியில்லை. நோகுது என்றால், இனி இரத்தமும் அவளுக்குச் சாட்சி சொல்லாது. வாயை மூடிக்கொண்டு உருவத்தை வைத்துவிட்டாலோ, பிறகு சாகும்வரை நோகுது என்று சொல்லமுடியாது. அந்தோனியார் சுகமாக்கிவிட்டவளுக்கு எப்படி நோகும்?

ஸ்ரான்லி வேலையால் வந்ததும் சொல்லிப் பார்த்தாள். "நாளைக்கு மட்டும் சமாளி நிலூ. அம்மா எவ்வளவு சந்தோசமா இருக்கிறா பார்" என்றான். நாளைக்கு மட்டுமாம்! கோயிலால் வந்து ஒஸ்வால்ட் குடும்பத்துக்கும் சேர்த்து விருந்துச் சமையலும் அவள்தான். சுகமாகிவிட்டாளே.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் வரிசை மெதுவாக நகர்ந்தது. மாக்ரெட் நல்ல சாரி உடுத்திருந்தார். சுகமானவள்தான் வைக்கவேண்டும் என்று உருவத்தை நிலூஷாவின் கையில் கொடுத்திருந்தார். பாரமே இல்லாத பொருள். அதைப் பிடித்திருந்த கை தோள்வரைக்கும் எரிந்தது. அந்தோனியாரின் சுரூபம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது அவள் நின்றுவிட்டாள்.

"மாமி, எனக்கு நோகுது. இப்பவும் நோகுது."

"றிப்போட் நல்லாத்தானே வந்தது?"

"விற்றமின் நல்லாயிருக்கு மாமி. நான் நல்லாயில்ல."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மாக்ரெட் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தார். நிலூஷாவின் வாயிலிருந்து "ஆ" என்று வந்தது. மாக்ரெட் திடுக்கிட்டுக் கையை விட்டார். தான் எவ்வளவு மெதுவாகப் பிடித்தார் என்பது அவருக்குத் தெரியும்.

ஓரத்து மர வாங்கில் இருவரும் போய் இருந்தார்கள். மாக்ரெட்டின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்தோனியாருக்கு முன்னால என்னைப் பொய்க்காரியாக்கப் பாத்தாய்."

"அப்பிடி ஆகக்கூடாதெண்டுதான் மாமி சொன்னனான்."

மாக்ரெட் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிலூஷாவின் கையிலிருந்ததை வாங்கி, ரோஸ் தாளைப் பிரித்து, வெள்ளிப் பெண்ணைத் தன் உள்ளங்கையில் படுக்கவைத்து நீட்டினார்.

"காட்டு. எங்க நோகுது?"

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. நிலூஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு விரலால் வெள்ளிப் பெண்ணின் கழுத்தைத் தொட்டாள். தோள் இரண்டையும் தொட்டாள். முழங்கை, இடுப்பு, முழங்கால், பாதம். விரல் போகாத இடம் மிச்சமிருக்கவில்லை.

"இவ்வளவும் ஒரே நேரத்திலயா?"

"ஓம் மாமி."

மாக்ரெட் உருவத்தை மறுபடியும் தாளில் சுற்றினார், இந்த முறை மிகவும் பதமாக. அதைக் கைப்பைக்குள் வைத்து மூடும்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து மகன்.

"வச்சாச்சா அம்மா? எல்லாரும் பசியோட பாத்துக்கொண்டிருக்கிறம்."

"கடையில எடுத்துச் சாப்பிடுங்க" என்றார் மாக்ரெட். "அவளுக்கு இன்னும் சுகமில்ல."